ஓரகத்தியின் அட்டை

பனிமேரி என்னிடம் வந்து கெஞ்சியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படிச் சொன்னால் என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை.

அவள் என் கொழுந்தன் டைட்டஸின் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. தூத்துக்குடியில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறோம். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரில் வந்தால் நான் காறித் துப்புவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் நான் எப்போது வாசலிறங்கினாலும் அவள் வீட்டுச் சன்னல் திரை அசையும். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வார்டு ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் அறைக்கு, வரிசையெல்லாம் கலைந்த பிறகு வந்து நின்றாள்.

"அக்கா..."

"இங்க அக்காவும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது. அட்டயக் குடு, வெரல நீட்டு, போயிக்கிட்டே இரு."

என் வேலை பெட்டி வேலை. பெட்டி ஒரு குக்கர் அளவு இருக்கும். அட்டையைச் செருகி, விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி, எட்டுச் சொட்டு ரத்தம் விட வேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்று வைத்திருந்தால், அதைக் கொண்டுவந்த வைரஸின் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். பெட்டி அவற்றை எண்ணி இரண்டு நாளில் ஒரு எண்ணை அனுப்பிவிடும். பூஜ்யம் என்றால் நிம்மதி. வேறு எந்த எண் வந்தாலும் ஆஸ்பத்திரியில் தேதி தானாக விழும். ஸ்கேனில் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பே ரத்தம் சொல்லிவிடும் என்பதால், பெட்டி வந்த பிறகு எங்கள் வார்டில் இந்தச் சீக்கில் செத்தவர்கள் ரெண்டே பேர்தான். பெட்டியை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை எங்கே என்றால், எண் போய்ச் சேருகிற இடத்தில். இருபத்தைந்து வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விரல் நீட்ட வேண்டும், நீட்டாத வீட்டுக்கு அரிசி கிடையாது என்று சட்டம் போட்டார்கள். எண்ணை எந்தப் போனுக்கு அனுப்புவது? குடும்ப அட்டையில் இருக்கும் போனுக்கு. அட்டைக்கு நம்பர் கேட்டபோது எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள்? கேஸ் சிலிண்டருக்கும் கரண்டு பில்லுக்கும் கொடுத்த மாதிரியே புருஷன் நம்பரைக் கொடுத்தார்கள். ஒருத்திக்காவது உறைக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரர் ஜெரோம் நம்பரைத்தான் கொடுத்தேன். அவர் செத்து, அந்தப் போன் என் கைக்கு வந்ததால் என் எண் எனக்கு வருகிறது. மற்றவர்களுக்கெல்லாம் ஆம்பளை படித்துச் சொல்ல வேண்டும்.

ஆம்பளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த வைரஸ் படுக்கையில் தொற்றுவது. அந்த ஒரு வார்த்தை போதும். முக்கால்வாசிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்து தானாகப் போய்விடும், சிலருக்கு மட்டும் இருபது வருடம் உடம்பில் தூங்கிக் கிடந்து எழும்பும், புருஷன்காரனே கொண்டுவந்து கொடுத்திருப்பான் என்று நான் நோட்டீஸ் ஒட்டி, படம் போட்டு, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கேட்க வேண்டுமே.

எனக்கு நாலு வருடத்துக்கு முன்னால் வந்தது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஜெரோம் இறந்து அப்போது ரெண்டு வருடம். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போகும் தோணியில் பதினெட்டு வருடம் இருந்த மனுஷன். எந்தத் துறைமுகத்தில் எதை வாங்கினாரோ, எனக்குத் தெரியாது, இனிக் கேட்கவும் முடியாது. இந்தப் பனிமேரி என்ன செய்தாள் தெரியுமா? குழாயடியில் நின்று, "புருசன் செத்து ரெண்டு வருசமாச்சு, இவளுக்கு இப்ப எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான். அது கோயில் வரைக்கும் போய், என் மகள் ஷெர்லினுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டுக்கும் போனது. அவர்கள் நிச்சயத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஷெர்லின் சென்னைக்கு வேலைக்குப் போனவள், மாதம் ஒரு முறை பேசுகிறாள், அதுவும் என்னவோ பேங்கில் இருந்து பேசுகிற மாதிரி. நான் பிழைத்து எழுந்தேன். மீண்டு வந்தவர்களுக்கு முன்னுரிமை என்று இந்தப் பெட்டி வேலையைக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ரத்தத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நாலு வருடமாகப் பூஜ்யம்.

அந்தப் பனிமேரிதான் இப்போது கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றாள்.

"ரெண்டு மாசமா தீட்டு நிக்க மாட்டேங்கு. விட்டு விட்டுப் படுது. இடுப்பு வேற கடுக்கு. நாளைக்குள்ள வெரல் வைக்கணும், இல்லன்னா அரிசிய நிறுத்திருவாவ."

"அப்போ வைய்யி. அதுக்குத்தான் பெட்டி."

"நம்பர் அவருக்குல்லா போவும்."

"போவட்டும். புருசன்தான?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. "அவரப் பத்தி ஒனக்குத் தெரியும்லா. ஒன் வீட்டு நம்பர் ஒனக்கே வரும். ஒன் அட்டயில என் ரத்தத்தப் போட்டுப் பாரேன். என் அட்டயில ஒன் ரத்தத்தப் போட்டுரு. ஒனக்கு எப்பவும் பூஜ்யந்தான. அவருக்குப் பூஜ்யம் போவும், எனக்கு என்னன்னு ஒன்கிட்ட தெரிஞ்சிக்கிடுவேன். அப்புறம் நான் நகைய வித்தாவது வெளியூருல எங்கயாவது போயி வைத்தியம் பாத்துக்கிடுதேன்."

யோசித்துத்தான் வந்திருக்கிறாள். பெட்டிக்கு அட்டை தெரியும், ரத்தம் யாருடையது என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் அட்டையில் கடைசியாக விழுந்த ரத்தமும் வந்திருப்பவள் ரத்தமும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஆனால் மாற்றிப் போட்டது தெரிந்தால் ரெண்டு அட்டையும் ஒரு வருடம் முடங்கும், அந்த ஒரு வருடத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியமும் கிடையாது, தனியாரில் காசு கொட்ட எனக்கு வக்கும் கிடையாது. எனக்கு வேலையும் போய், ஜெயிலும் உண்டு.

"அன்னைக்குக் கொழாயடியில என்னமோ கேட்டியே, அதச் சொல்லு. இங்கன நின்னு சொல்லு."

"அக்கா, அதுக்குப் போயி..."

"சொல்லுட்டி."

சொன்னாள். வார்த்தை மாறாமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கேட்டும் எனக்கு ஆறவில்லை. இருந்தாலும் நான் சம்மதித்தேன். பாவம் பார்த்து அல்ல. அவளுக்கு இருக்கிறது என்ற சேதி அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும், என் போனில் வர வேண்டும், நான் போய் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

என் அட்டையைச் செருகி அவள் விரலைக் குத்தினேன், கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். பிறகு அவள் அட்டையைச் செருகி என் விரலைக் குத்திக்கொண்டேன். எனக்கும் அந்த மாதம்தான் முறை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் வீட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் சத்தம் கொடுத்தது. 'சலேத்தம்மாள். எண்: 0.'

ஒன்றுமில்லை அவளுக்கு! ஏதோ நீர்க்கட்டியோ, மாதவிடாய் நிற்கிற வயசுக் கோளாறோ, அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீனை அப்படியே சட்டியோடு தள்ளிவிட்டேன். எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. என்ன நியாயம் இது மாதாவே என்று வாய்விட்டுக் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தெருவில் டைட்டஸின் சத்தம் கேட்டது.

"எம்பத்தாறு! எம்பத்தாறாம்! எங்கன இருந்துட்டி வந்துச்சு? சொல்லுட்டி!"

வாசலுக்கு வந்தேன். பனிமேரியின் சேலைகளும் ஒரு தலையணையும் தெருவில் கிடந்தன. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள், உதடு கிழிந்து ரத்தம். டைட்டஸ் போனை ஆட்டி ஆட்டி வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். என் வாயால் சொல்ல வேண்டியதைக் கடவுளே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நாலு எட்டு எடுத்து வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அது அவள் ரத்தம் இல்லை. அவள் அட்டையில் விழுந்தது என் ரத்தம்.

நாலு வருடப் பூஜ்யம் போய்விட்டது, மறுபடியும் வந்துவிட்டது. தெருவில் அத்தனை பேர் நிற்க எனக்கு என் அடிவயிறு மட்டும்தான் தெரிந்தது. அப்போது பனிமேரி தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன, அவளுக்கு மூளைக்கா பஞ்சம்.

"மயினி, நீங்களே கேளுங்க இவகிட்ட," என்றான் டைட்டஸ் என்னைப் பார்த்து. "ஒங்களுக்குத்தான் இதப் பத்தி நல்லா தெரியுமே."

அது என் ரத்தம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. சொன்னால் அட்டை முடங்கும், மருந்து கிடைக்காது. எண்பத்தாறு ஒரு வருடத்தில் எண்ணாயிரமாகும், நான் செத்துப்போவேன். அவள் சொன்னாலும் அதே கதைதான். அவள் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவளாவது, வாயை மூடுவதாவது! நான் வாயே திறக்கவில்லை. அவளும் திறக்கக் கூடாது என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்டவள்தான் நான்.

பனிமேரி எழுந்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"என்கிட்ட ஏன் கேக்கிய? நான் இந்தத் தெருவத் தாண்டி எங்கன போனேன்? நீங்கதான் கல்யாணத்துக்கு முந்தி அஞ்சு வருசம் தோணியில கெடந்திய. இது ஆம்பள கொண்டாந்து குடுக்க சீக்கு. வார்டு ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்கு, போயிப் படிங்க!"

டைட்டஸ் மறுபடியும் கையை ஓங்கினான். இந்த முறை பக்கத்து வீட்டு ரெக்சன் அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். பனிமேரி தெருவில் கிடந்த சேலைகளைப் பொறுக்கி ஒரு பையில் திணித்துக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்தாள். வீரபாண்டியன்பட்டினத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சாயங்காலம் கேள்விப்பட்டேன்.

அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பாத்தியளா, அன்னைக்கு ஒங்களச் சொன்னவளுக்கே இப்ப வந்துட்டு" என்று என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். நாலு வருடம் இதைக் கேட்கத்தான் தவம் கிடந்தேன். கேட்டபோது குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளே பெட்டி அறைக்கு வந்தாள். உதட்டில் தையல். அட்டையை மேசையில் போட்டாள்.

"நாளைக்குத் தேதி விழுந்துருக்கு. காலையில ஒம்பது மணிக்கு. ஒன் சீக்குக்கு என் பேரு. போயிப் படு."

"ஏன் சொல்லல?"

"எத?"

"என் ரத்தந்தான்னு அவன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எதுக்கு மாத்திப் போட்டன்னு கேப்பான். அதுக்கும் ஒத தான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒனக்காவன்னு மட்டும் நெனச்சிக்கிடாத. ஒன்ன எனக்குப் புடிக்காது, இப்பவும் புடிக்காது. நான் சொல்லி, அட்ட மொடங்கி, நீ செத்துப் போனேன்னு வையி. ஊரே ஒனக்காவ அழும். சலேத்து மாதிரி உண்டுமான்னு சாமியாரு பிரசங்கம் வைப்பாரு. அதக் கேட்டுக்கிட்டு நிக்க என்னால முடியாது. நீ இருக்கணும். இருந்து நான் படுததப் பாக்கணும்."

"பாக்கத்தான செய்யுதேன்."

"நல்லா பாரு."

பிறகு அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கேள்விய அவன் வாயில கேட்டப்ப, என் கொரலு மாதிரியே இருந்துச்சு," என்றாள். மன்னிப்புக் கேட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

"கூட யாராவது வரணும், ஒத்தையா விட மாட்டாவ," என்றேன்.

"ஏன், நான் வராம வேற எவ வருவா? அட்ட என்னுது."

புதன்கிழமை பஸ்ஸில் முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். ஆஸ்பத்திரி வாசலில் விரலைக் குத்தினார்கள். அட்டையில் கடைசியாக விழுந்த ரத்தமும் என் ரத்தமும் ஒன்றுதான் என்று பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே டாக்டர் ஒரு சின்னப் பெண், ஷெர்லின் வயசுதான் இருக்கும்.

"பேரு?"

"பனிமேரி."

"வீட்டுக்காரர் பேரு?"

டைட்டஸ் என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு கூசிவிட்டது. "இவங்க?" என்று டாக்டர் கேட்டதும் பனிமேரி முந்திக்கொண்டாள்.

"சலேத்தம்மா. இவளுக்கு மூத்த ஓரகத்தி."

இதில் கூட மூத்தவளாகிவிட்டாள்!

டாக்டர் என்னைப் படுக்க வைத்து, சேலையை இறக்கி வயிற்றைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. இடுப்பைச் சுற்றி நாலு பச்சைப் புள்ளிகள் என் தோலில் இருக்கின்றன. கரண்டு என்கிற கதிர்வீச்சு வைக்கும்போது இடம் மாறாமலிருக்கக் குத்துகிற புள்ளிகள் அவை. அழியாது. எனக்கு அது நினைவில் இருந்தால்தானே.

"பனிமேரியம்மா, உங்களுக்கு ஏற்கெனவே கரண்டு வச்சிருக்காங்க. அட்டையில ஒண்ணுமே இல்லையே?"

நான் பனிமேரியைப் பார்த்தேன்.

"நான் எதுக்குக் கேக்கறேன்னா," என்று டாக்டர் திரும்பிப் பனிமேரியிடம் சொன்னார், "முன்ன எவ்வளவு வச்சாங்கன்னு தெரியாம நான் மருந்து போட முடியாது. குடல் ஓட்டை விழுந்துரும். சரியாத் தெரியலன்னா தலைமை ஆபீஸுக்கு எழுதி, பழைய ரெக்கார்டு தேடச் சொல்லணும்."

தலைமை ஆபீஸுக்கு எழுதினால் எல்லாம் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுத வேண்டாம் டாக்டர், நான் சொல்லுதேன்," என்றாள் பனிமேரி. "அட்டயெல்லாம் காட்டாம வெளியூருல வச்சிக்கிட்டா, ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு. நாலு வருசத்துக்கு முந்தி. ஆடி மாசம் பதிமூணாந் தேதி திங்கக்கெழம தொடங்குனாவ. அஞ்சு வாரம். சனி, ஞாயிறு கெடையாது. மொத்தம் இருபத்தஞ்சு நாளு. ஒவ்வொரு வியாழக்கெழமயும் ஊசி மருந்து, அஞ்சு தடவ. மூணாவது ஊசிக்கு அப்புறம் வாந்தி எடுத்து ஒரு நாளு போவல, அத அடுத்த சனிக்கெழம வச்சிக் கணக்கச் சரி பண்ணுனாவ. பொறவு உள்ளுக்கு வைக்க கரண்டு மூணு தடவ, வாரத்துக்கு ஒண்ணு. கடைசித் தடவ போயிட்டு வந்து ஆட்டோவுல இருந்து எறங்க முடியாம அரை மணி நேரம் உக்காந்திருந்தா."

நான் கண்ணைத் திறந்தேன். அந்த ஆட்டோ எனக்கே மறந்துபோயிருந்தது. எனக்கு இருபத்தைந்தா இருபத்தாறா என்று கூட நிச்சயமில்லை. அவள் ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் வேகவேகமாக எழுதி, நாள்களைக் கூட்டிப் பார்த்து, "சரியா வருது," என்றார். தலைமை ஆபீஸுக்கு எழுத வேண்டியதில்லை, அடுத்த திங்கட்கிழமையே முதல் மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்றார். பிறகு சேலையை இழுத்து மூடிவிட்டு என் கையைத் தட்டினார்.

"கூடப் பொறந்தவங்க கூட இவ்வளவு ஞாபகம் வச்சிக்க மாட்டாங்கம்மா. உங்க ஓரகத்தி உங்களை எப்படிக் கவனிச்சிருக்காங்க!"

"ஆமா டாக்டர்," என்றேன். "சன்னல விட்டு நகரவே மாட்டா."